லீ டிம்-ஓய்: முதல் பெண் குருவானவரின் கதை

வானொலி நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

இன்றைக்கு நான் பேசப் போவது ஃபுளோரன்ஸ் லீ டிம்-ஓய் என்ற சீனப் பெண்மணியைப் பற்றி. இங்கிலாந்துத் திருச்சபையும் அதன் வழிவந்த சபைகளும் சேர்ந்த ஆங்கிலிக்கன் திருச்சபையில், உலகத்திலேயே முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்ற பெண் இவர். எந்த ஆண்டு என்றால், 1944. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். இங்கிலாந்துத் திருச்சபையே பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்க ஆரம்பித்தது 1994இல்தான். அதற்கு ஐம்பது ஆண்டு முன்னால் தெற்குச் சீனாவில் இது நடந்துவிட்டது. நடந்த பிறகு சும்மா விட்டார்களா என்றால், இல்லை. இரண்டே ஆண்டில், குருவாக ஊழியம் செய்யும் உரிமத்தை அவர் திருப்பிக் கொடுக்கும்படி ஆகிவிட்டது.

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டங்களில் இவரைப் பற்றி நான் பல முறை பேசியிருக்கிறேன். பேசி முடித்ததும் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார், "அப்படீன்னா அதுக்கப்புறம் அவங்க குருவா இல்லையா?" என்று. நல்ல கேள்வி. பட்டம் வேறு, உரிமம் வேறு. இந்த ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் திரும்பவும் இதற்கு வருவேன்.

முதலில் ஒரு விஷயம் விளங்க வேண்டும். ஒரு கிறிஸ்தவ சபைக்குக் குருவானவர் எதற்கு? திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபைக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்ற நேயர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு குருவானவரின் பொறுப்பில் பக்கத்துப் பக்கத்து ஊர்க் கோயில்கள் பல இருக்கும். அதைச் சேகரம் என்போம். ஞாயிற்றுக்கிழமை எல்லா ஊரிலும் ஆராதனை நடக்கும். அதை நடத்துகிறவர் அந்த ஊர் உபதேசியார். ஜெபிப்பார், பிரசங்கம் செய்வார், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பார். ஆனால் திருவிருந்து என்று ஒன்று இருக்கிறது. இயேசு தம் சீடர்களோடு கடைசியாக உண்ட உணவை நினைவுகூர்ந்து, அப்பத்தையும் திராட்சரசத்தையும் ஆசீர்வதித்துக் கொடுக்கிற ஆராதனை. அதை உபதேசியார் நடத்த முடியாது. குருப்பட்டம் பெற்றவர்தான் நடத்த வேண்டும். குருவானவர் வருகிற ஞாயிறு வரைக்கும் ஊர் காத்திருக்கும். என் தாத்தா உபதேசியாராக இருந்தவர். குருவானவர் வருகிற ஞாயிறு என்றால் முந்தின நாளே எங்கள் ஊர்க் கோயில் கழுவிவிடப்பட்டிருக்கும், வயதானவர்கள் விடிவதற்கு முன்பே வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு தயாராகிவிடுவார்கள்.

அப்படிக் காத்திருக்கும் ஊருக்குக் குருவானவர் வரவே முடியாமல் போனால் என்ன செய்வது? ஒரு மாதம் அல்ல, இரண்டு மாதம் அல்ல, ஆண்டுக்கணக்காக? லீ டிம்-ஓயின் கதை முழுவதும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

அவர் 1907ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி ஹாங்காங்கில் பிறந்தார். பெண் குழந்தை பிறந்தால் முகம் சுளிக்கிற காலம் அது. ஆனால் அவருடைய அப்பா மகளுக்கு மிகவும் அன்பானவள் என்று பொருள்படப் பெயர் வைத்தார். அப்பா மருத்துவம் பார்த்தவர், பிறகு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் ஆனவர். பிள்ளைகள் நிறைய, வருமானம் குறைவு. அதனால் டிம்-ஓயின் படிப்பு தாமதமாகத்தான் நகர்ந்தது. ஞானஸ்நானம் பெற்றபோது ஃபுளோரன்ஸ் என்ற பெயரை அவரே தேர்ந்துகொண்டார். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலும் மே மாதம் பிறந்தவர், அவர் நினைவாக.

1931இல் ஹாங்காங் செயின்ட் ஜான்ஸ் பேராலயத்தில் ஓர் ஆங்கிலேயப் பெண்ணை டீக்கனஸ் என்ற ஊழியப் பொறுப்பில் ஏற்படுத்தினார்கள். அந்த ஆராதனைக்கு டிம்-ஓய் போயிருந்தார். பிரசங்கம் செய்தவர், சீனப் பெண்களில் யாராவது இந்த ஊழியத்துக்குத் தங்களைக் கொடுப்பார்களா என்று கேட்டார். அந்தக் கேள்வி தனக்கே கேட்கப்பட்டது என்று டிம்-ஓய் எடுத்துக்கொண்டார். கேன்டன் நகரத்தில் இறையியல் கல்லூரியில் சேர்ந்து 1938இல் படிப்பை முடித்தார். அதற்குள் ஜப்பான் சீனாவின் மேல் படையெடுத்துவிட்டது. அகதிகள் கூட்டம் கூட்டமாக ஹாங்காங்குக்கு வந்துகொண்டிருந்தார்கள். கவுலூனில் ஒரு சபையில் அந்த அகதிகளிடையே வேலை செய்தார். பிறகு 1940இல் அவரை ஹாங்காங்குக்குப் பக்கத்தில் உள்ள மக்காவ் என்ற ஊருக்கு அனுப்பினார்கள்.

இங்கே திருச்சபையின் படிகளைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதல் படி டீக்கன், அதாவது உதவி ஊழியர். இரண்டாவது, குருவானவர். மூன்றாவது, பேராயர். ஒவ்வொரு படிக்கும் பேராயர் தலைமேல் கைகளை வைத்து ஜெபித்துப் பட்டம் கொடுப்பார். டிம்-ஓய்க்கு 1941 மே மாதம் ஹாங்காங் பேராயர் ரொனால்ட் ஹால் டீக்கன் பட்டம் கொடுத்தார். டீக்கன் ஞானஸ்நானம் கொடுக்கலாம், அடக்க ஆராதனை நடத்தலாம், பிரசங்கம் செய்யலாம். திருவிருந்து நடத்த முடியாது.

அதே ஆண்டு டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளில், ஹாங்காங் ஜப்பானியர் கையில் விழுந்தது.

மக்காவ் போர்த்துக்கீசியருடைய இடம். போர்த்துக்கல் போரில் சேராத நாடு என்பதால் மக்காவை ஜப்பானியர் பிடிக்கவில்லை. அதனாலேயே சுற்றுவட்டாரத்திலிருந்து அகதிகள் அந்தச் சின்ன ஊருக்குள் வந்து குவிந்தார்கள். அரிசி இல்லை. தெருவில் பசியால் செத்துக் கிடந்தார்கள். அந்த நேரத்தில் அங்கே இருந்த ஆங்கிலிக்கன் சபைக்கு ஒரே ஊழியர் டிம்-ஓய். சாப்பாட்டுக்கு வழி தேடியது அவர், செத்தவர்களை அடக்கம் செய்தது அவர், புதிதாக வந்தவர்களுக்கு வேதம் கற்றுக்கொடுத்து ஞானஸ்நானம் கொடுத்தது அவர். அவ்வளவு துயரத்துக்கு நடுவிலும் சபை வளர்ந்தது. ஆனால் திருவிருந்து கொடுக்கக் குரு இல்லை. முன்பெல்லாம் ஹாங்காங்கிலிருந்து குருவானவர் ஒருவர் படகேறி வந்து நடத்திவிட்டுப் போவார். இப்போது வர வழி இல்லை.

பேராயர் ஹால் அப்போது ஹாங்காங்கில் இல்லை. ஜப்பானியர் பிடிக்காத சீன உட்பகுதியிலிருந்து தன் மறைமாவட்டத்தை, அதாவது தன் பொறுப்பில் உள்ள சபைகளை, கவனித்துக்கொண்டிருந்தார். நிலைமையைப் பார்த்து, டீக்கனாக இருந்த டிம்-ஓயே திருவிருந்து நடத்தலாம் என்று தற்காலிக அனுமதி கொடுக்கப்பட்டது. போர்க்காலம், வேறு வழியில்லை.

நேயர்களே, இதுதான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். நேரம் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை, இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். ஹால் பெண்களுக்குக் குருப்பட்டம் வேண்டும் என்று இயக்கம் நடத்தியவர் அல்ல. அவரே, இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயரான கேன்டர்பரி பேராயர் வில்லியம் டெம்பிளுக்குக் கடிதம் எழுதும்போது அதைச் சொல்கிறார். அவருடைய கவலை வேறு. குருப்பட்டம் இல்லாத ஒருவர் திருவிருந்து நடத்துகிறார், அதற்கு நானே அனுமதி கொடுத்திருக்கிறேன், இது திருச்சபை ஒழுங்குக்கு மாறானது என்று அவர் மனசு உறுத்தியது. இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, அனுமதியை நிறுத்திவிட்டு மக்காவ் சபையைத் திருவிருந்து இல்லாமல் விட வேண்டும். அல்லது, அந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிற ஆளுக்கு முறைப்படி பட்டம் கொடுக்க வேண்டும். பெண்ணுக்குப் பட்டம் கொடுப்பதைவிடப் பட்டமில்லாதவரைத் திருவிருந்து நடத்த விடுவதுதான் மரபுக்குப் பெரிய முரண் என்று அவர் முடிவுக்கு வந்தார்.

கவனியுங்கள், மரபை உடைக்க வேண்டும் என்று நினைத்தவர் செய்த காரியம் இல்லை இது. மரபைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தவர் செய்தது. அன்றைக்கு ஹாலைத் திட்டியவர்களில் பல பேருக்கு இது புரியவே இல்லை. இன்றைக்கும் நான் இதைச் சொன்னால் சிலர் தலையை ஆட்டிவிட்டு, "இருந்தாலும்..." என்று ஆரம்பிப்பார்கள். நான் விடுவதில்லை. மக்காவில் பசியோடு நின்ற அந்தச் சபையை ஒரு நிமிடம் கண்முன் கொண்டுவந்து பாருங்கள், பிறகு அந்த "இருந்தாலும்" என்பதைச் சொல்லுங்கள் என்பேன்.

சரி, 1944 ஜனவரி. டிம்-ஓயை வரச் சொல்லி அழைப்பு வந்தது. மக்காவிலிருந்து புறப்பட்டு, ஜப்பானியர் நடமாட்டம் உள்ள பகுதியைத் தாண்டி, சுதந்திரச் சீனப் பகுதிக்கு அவர் போக வேண்டும். பேராயர் அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும். இருவரும் ஷின்ஷிங் என்ற ஊரில் சந்தித்தார்கள். பேராயர் அவரிடம் நிறையப் பேசினார், விசாரித்தார். அங்கிருந்து ஜாவ்ச்சிங் ஊருக்குப் போனார்கள். ஜனவரி 25ஆம் தேதி, புனித பவுல் மனந்திரும்பிய திருநாள், அங்கே இருந்த கோயிலில் பேராயர் அவர் தலைமேல் கைகளை வைத்துக் குருப்பட்டம் கொடுத்தார். டிம்-ஓய்க்கு அப்போது வயது 36.

வேதம் வாசிக்கிற நேயர்களுக்கு அப்போஸ்தலர் நடபடிகள் பத்தாம் அதிகாரம் தெரியும். கொர்நேலியு என்ற ரோம நூற்றுக்கு அதிபதி, அதாவது நூறு வீரர்களுக்குத் தலைவர். யூதர் அல்லாதவர். அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று பேதுருவுக்கே தயக்கம். ஆனால் கடவுள் ஏற்கெனவே தம் ஆவியை அவருக்குக் கொடுத்துவிட்டார் என்று கண்ட பிறகு, தண்ணீரைத் தடுக்க நான் யார் என்று பேதுரு ஞானஸ்நானம் கொடுத்தார். பேராயர் ஹால் மனதில் இருந்தது இந்தக் கதைதான். குருவுக்குரிய வரத்தைக் கடவுள் இந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார், அதை உறுதிப்படுத்துவது மட்டும்தான் என் வேலை என்று அவர் நினைத்தார். டிம்-ஓய்க்குக் கொர்நேலியா என்று பெயர் வைக்கலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியதாம்.

டிம்-ஓய் மக்காவுக்குத் திரும்பி வந்து, குருவாகவே வேலையைத் தொடர்ந்தார். சபை மக்கள் இதில் எந்தச் சிக்கலையும் பார்க்கவில்லை. அவர்களுக்கு அவர் ஏற்கெனவே அப்படித்தானே இருந்தார்.

போர் முடிந்தது. தபால் ஓட ஆரம்பித்தது. செய்தி இங்கிலாந்து முழுக்கப் பரவியது, எதிர்ப்பும் கிளம்பியது. வில்லியம் டெம்பிள் 1944லேயே காலமாகிவிட்டார். அடுத்து வந்த கேன்டர்பரி பேராயர் ஜெஃப்ரி ஃபிஷர், இதை நிறுத்தியே ஆக வேண்டும் என்று ஹாலை நெருக்கினார். சீனத் திருச்சபையின் மற்ற பேராயர்களும் கண்டித்தார்கள். ஹால் அசையவில்லை. கடைசியில் 1946இல் நெருக்கடி டிம்-ஓய் பக்கம் வந்து சேர்ந்தது. ஒன்று, நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பேராயர் ஹால் பதவி விலக வேண்டியிருக்கும் என்று அவரிடம் சொல்லப்பட்டது.

அவர் தாமதிக்கவில்லை. உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். பேராயருக்குத் தன்னால் கெட்ட பெயர் வரக் கூடாது, சபை உடையக் கூடாது, அவ்வளவுதான்.

இங்கேதான் நான் முதலில் சொன்னது. பட்டம் வேறு, உரிமம் வேறு. உரிமம் என்பது இந்த இடத்தில் இந்த வேலையைச் செய்யலாம் என்று பேராயர் எழுதிக் கொடுக்கிற தாள். அதைத் திருப்பிக் கொடுக்கலாம், திருப்பி வாங்கலாம். பட்டம் அப்படி இல்லை. ஒருமுறை கைகளை வைத்து ஜெபித்துக் கொடுத்தது ஆயுள் முழுக்க இருக்கும். டிம்-ஓய் இதைத் தெளிவாகத் தெரிந்து வைத்திருந்தார். அவர் விட்டது உரிமத்தை. குருத்துவத்தை அவர் விடவே இல்லை, யாரும் அதை எடுக்கவும் இல்லை. கோபித்துக்கொண்டு ஊழியத்தை விட்டுப் போகவும் இல்லை.

நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. நம் கையில் இருக்கிற பொறுப்பை, எந்தத் தப்பும் செய்யாமல், யாரோ தூர தேசத்தில் இருந்து விடச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அவருக்கும் வலித்திருக்கும். வலித்தும் வேலையை விடவில்லை.

அடுத்த ஆண்டு ஹால் அவரை ஹெபு என்ற ஊருக்கு அனுப்பினார். வியட்நாம் எல்லைப் பக்கம். அங்கே பிறந்த பெண் குழந்தைகளை வேண்டாம் என்று விட்டுவிடுகிற கொடுமை இருந்தது. டிம்-ஓய் ஒரு பிரசவ விடுதி ஆரம்பித்தார். தாய்மார் அங்கே வந்து பிள்ளை பெற்றால் குழந்தைக்குப் பாதுகாப்பு. நம் ஊர் நேயர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். உசிலம்பட்டிப் பக்கத்துச் செய்திகளை நாமும் படித்திருக்கிறோம், தொட்டில் குழந்தைத் திட்டம் எதற்கு வந்தது என்றும் நமக்குத் தெரியும்.

1948இல், உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடுகிற லாம்பெத் மாநாட்டுக்கு ஹாலுடைய மறைமாவட்டத்தின் வேண்டுகோள் போனது. இருபது ஆண்டுக்கு முயற்சியாகவாவது பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்று. முடியாது, மரபுக்கு விரோதம் என்று பதில் வந்தது.

1949இல் சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி. 1950களின் முடிவில் தேவாலயங்கள் மூடப்பட்டன. டிம்-ஓயைப் பண்ணைக்கு அனுப்பினார்கள், கோழி வளர்க்க. தொழிற்சாலையிலும் வேலை செய்தார். கலாச்சாரப் புரட்சியின்போது செங்காவலர்கள் என்ற மாவோ ஆதரவு இளைஞர் படையினர் வந்து, அவருடைய ஆராதனை அங்கிகளை அவர் கையாலேயே கத்தரிக்கோலால் வெட்டச் செய்தார்கள். அந்த நாட்களில் உயிரை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறார். நீ ஒரு குரு அல்லவா என்று உள்ளே எழுந்த குரல்தான் தன்னைத் தடுத்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பார்த்தீர்களா? கோயில் இல்லை, சபை இல்லை, அங்கி இல்லை, உரிமம் போய் இருபது ஆண்டு ஆகிவிட்டது. பட்டம் இருந்தது. அது அந்த நாட்களில் ஓர் உயிரைக் காப்பாற்றியது. மலைப்பக்கம் தனியாகப் போய் ஜெபம் செய்வாராம். எங்கள் சங்கத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்கிற பதில், பட்டம் போகவே இல்லை என்பதுதான்.

அவர் பண்ணையில் இருந்த காலத்தில் வெளியுலகம் மெதுவாக மாறிக்கொண்டிருந்தது. 1971இல் கென்யாவில் லிமுரு என்ற இடத்தில் ஆங்கிலிக்கன் ஆலோசனைச் சபை கூடியது. ஒரு பேராயர் தன் திருச்சபையின் சம்மதத்தோடு பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தால் மற்றவர்கள் ஏற்கலாமா என்று வாக்கெடுப்பு. ஆதரவு 24, எதிர்ப்பு 22. இரண்டே வாக்கு வித்தியாசம். அந்த ஆண்டு நவம்பரிலேயே ஹாங்காங் பேராயர் கில்பர்ட் பேக்கர் இரண்டு பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தார், ஜாய்ஸ் பென்னட், ஜேன் ஹுவாங். டிம்-ஓயின் குருத்துவமும் அங்கே மறுபடி அங்கீகரிக்கப்பட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரத்தைக் காட்டுகிறார்கள். கனடாவில் அவர் வாழ்ந்த காலத்தைப் பற்றி நிறையக் குறித்து வைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1979இல் சீனாவில் தேவாலயங்கள் மறுபடி திறந்தபோது டிம்-ஓய் ஊழியத்துக்குத் திரும்பினார். 1980களின் தொடக்கத்தில் உறவினர்களோடு சேரக் கனடாவுக்குப் போனார். டொரன்டோவில், எழுபது வயதைத் தாண்டிய நிலையில், குருவானவராகவே பணி செய்தார். 1984இல், பட்டம் பெற்ற நாற்பதாம் ஆண்டை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவரை வைத்துக்கொண்டே நன்றி ஆராதனையாகக் கொண்டாடினார்கள். 1989இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பார்பரா ஹாரிஸ், ஆங்கிலிக்கன் உலகின் முதல் பெண் பேராயராகப் பட்டம் பெற்றபோது, அந்த ஆராதனையில் டிம்-ஓயும் பங்கெடுத்தார். 1992 பிப்ரவரி 26ஆம் தேதி டொரன்டோவில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில்தான் இங்கிலாந்துத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்க வாக்களித்தது.

நம் பக்கமும் ஒரு வார்த்தை. ஆங்கிலிக்கன் சபைகளும் வேறு சில சபைகளும் சேர்ந்து 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை 1970களிலேயே பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்க ஆரம்பித்துவிட்டது, இங்கிலாந்துக்கு முன்பே. 2013இல் எக்கோணி புஷ்பலலிதா அம்மையார் ஆந்திராவின் நந்தியால் மறைமாவட்டத்துக்குப் பேராயராகி, அந்தத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் ஆனார். இதற்கே தனியாக ஓர் உரை வேண்டும்.

கடைசியாக ஒன்று. டிம்-ஓயின் சகோதரியின் முயற்சியால் 1994இல் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். ஏழை நாடுகளில் ஊழியத்துக்குப் படிக்க விரும்பும் பெண்களுக்குப் படிப்புச் செலவு கொடுக்கிற அறக்கட்டளை. ஆப்பிரிக்காவில் நிறையப் பெண்கள் அந்த உதவியில் படித்துக் குருவானவர்களாகவும் சமூக ஊழியர்களாகவும் ஆகியிருக்கிறார்கள். நேரம் முடிந்துவிட்டது. பொறுமையாகக் கேட்ட நேயர்களுக்கும், அழைத்த நிலையத்தாருக்கும் நன்றி, வணக்கம்.